கேட்க ஆளில்லாத இடத்தில் தொடங்கும் தெய்வபயம்: அதைப் பழகிக்கொள்ளும் வழி

எங்கள் பக்கத்துக் கிராமங்களில், ஒருவன் விதவையின் நிலத்தை ஏமாற்றி எழுதி வாங்கிக்கொண்டாலோ, கூலிக்கு வந்தவளின் நாள் கணக்கில் ஒன்றைக் குறைத்துவிட்டாலோ, "அவனுக்குத் தெய்வபயம் இருக்கிறதா பார்" என்று சொல்வார்கள். அவன் ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் வருகிறவனா, பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே கீர்த்தனை பாடுகிறவனா என்பதையெல்லாம் அந்த நேரத்தில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தெய்வபயம் என்ற சொல்லை வேதாகமம் எந்த இடத்தில் வைத்துப் பேசுகிறதோ, ஏறத்தாழ அதே இடத்தில்தான் ஊர்ப்பேச்சும் வைத்திருக்கிறது என்பது என் எண்ணம். ஆகவே, தேவனுக்குப் பயந்து நடக்கிற வாழ்க்கையை எப்படித் தொடங்குவது என்று கேட்கிறவர்களுக்கு, ஆலயத்தில் உண்டாகும் உணர்ச்சியிலிருந்து தொடங்காமல், நம்மைக் கேள்வி கேட்க முடியாத மனிதரிடம் நாம் நடந்துகொள்ளும் விதத்திலிருந்து தொடங்குங்கள் என்றே நான் சொல்லிவருகிறேன்.

எந்தப் பயம் என்று முதலில் தெரிந்துகொள்ளுதல்

இதைப் பேசத் தொடங்கியவுடன் யாராவது ஒருவர், "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்று யோவானின் முதல் நிருபத்தில் எழுதியிருக்கிறதே, பிறகு ஏன் பயம் என்று கேட்பார். நியாயமான கேள்விதான். அதற்கு விடை யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் ஒரே வசனத்துக்குள் இருக்கிறது. சீனாய் மலை புகைந்து இடிமுழங்கியபோது நடுங்கிப் பின்வாங்கிய ஜனங்களை நோக்கி மோசே, "பயப்படாதிருங்கள்" என்கிறார். அதே மூச்சில், நீங்கள் பாவம் செய்யாதபடிக்கு தேவனைப் பற்றும் பயம் உங்கள் முகத்திற்கு முன்பாக இருப்பதற்காகவே அவர் எழுந்தருளினார் என்றும் சொல்கிறார். ஒரு பயத்தை விடச் சொல்லி, இன்னொரு பயத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார். அடுத்த வசனம் இரண்டின் வேறுபாட்டையும் காட்டிவிடுகிறது: ஜனங்கள் தூரத்திலே நின்றார்கள், மோசேயோ தேவன் இருந்த கார்மேகத்துக்குச் சமீபமாய்ச் சேர்ந்தார்.

இதை ஒரு சோதனையாகவே வைத்துக்கொள்ளலாம். உங்களுக்குள் இருக்கும் பயம் உங்களைத் தேவனிடமிருந்து ஓடி ஒளியச் செய்தால், அது ஏதேன் தோட்டத்து மரங்களுக்குள் ஒளிந்துகொண்ட ஆதாமின் பயம். தவறு செய்துவிட்ட அன்றைக்கே அவரிடம் போய் நிற்க உங்களைத் தள்ளினால், அது நீதிமொழிகள் 9:10 ஞானத்தின் ஆரம்பம் என்று அழைக்கும் பயம். 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இவ்விரண்டையும் அடிமையின் அச்சம் என்றும் பிள்ளையின் அச்சம் என்றும் பிரித்து எழுதினார்; அடிமை தண்டனைக்கு அஞ்சுகிறான், பிள்ளை தகப்பனை விட்டுப் பிரிவதற்கு அஞ்சுகிறது. சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம் என்ற போதனை நூலில், பத்துக் கற்பனைகளின் விளக்கம் ஒவ்வொன்றிலும் தேவனுக்குப் பயப்படுதலையும் அவரை நேசித்தலையும் சேர்த்தே வைக்கிறார். தமிழுக்கு இந்தச் சிக்கலே அதிகமில்லை என்று எனக்கு அடிக்கடி தோன்றும். பயபக்தி என்ற ஒரே சொல்லில் நாம் இரண்டையும் கட்டி வைத்திருக்கிறோம். "அஞ்சுவ தஞ்சாமை பேதைமை" என்று வள்ளுவரும் அச்சத்தை அறிவுடைமை அதிகாரத்தில்தான் வைத்திருக்கிறார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டோமோ என்று இரவெல்லாம் உறங்காமல் தவிப்பவர்கள், ஒரே பாவத்தை நாளுக்குப் பத்து முறை அறிக்கையிட்டும் அமைதி காணாதவர்கள், இந்த வழிகாட்டியின் மற்றப் பகுதிகளை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிடலாம். அவர்களுக்கு இன்னும் அதிகப் பயம் தேவையில்லை; ரோமர் 8ஆம் அதிகாரமும், பொறுமையாகக் கேட்கும் ஒரு போதகரும், தேவைப்பட்டால் ஒரு மனநல மருத்துவருமே தேவை. காணிக்கை குறைந்தால் சாபம் வரும், ஊழியக்காரரை எதிர்த்தால் வீட்டில் சாவு விழும் என்று மேடையிலிருந்து மிரட்டுகிறவர்கள் போதிப்பதும் தெய்வபயமல்ல. அது தங்களுக்குப் பயப்படச் சொல்லும் ஏற்பாடு. தேவனுடைய பெயர் அதற்கு முகவரியாகப் பயன்படுகிறது, அவ்வளவுதான்.

கேட்க ஆளில்லாத இடங்களை எழுதிப் பார்த்தல்

லேவியராகமத்தில் "உன் தேவனுக்குப் பயந்திரு" என்ற கட்டளை ஐந்து இடங்களில் வருகிறது. ஐந்தையும் ஒரே இருப்பில் வாசித்தால், அவை எல்லாமே ஒரே வகையான இடத்தில் வைக்கப்பட்டிருப்பது தெரியும். செவிடனை நிந்தியாதே, குருடனுக்கு முன்னே தடுக்கலை வையாதே என்று 19:14 சொல்லி, உடனே தேவனுக்குப் பயந்திரு என்கிறது. செவிடனுக்கு நாம் திட்டியது கேட்காது. குருடனுக்குக் கல்லை வைத்தவர் யார் என்று தெரியாது. 19:32 நரைத்தவனுக்கு முன்பாக எழுந்திருக்கச் சொல்கிறது. எழுந்திருக்காமல் கவனிக்காததுபோல் இருந்துவிட்டால் யாரும் நிரூபிக்க முடியாது. 25ஆம் அதிகாரத்தில் வரும் மூன்றும் நிலம் வாங்கி விற்பதில் பிறனிடமும், கடன்பட்டவனிடமும், வறுமையால் தன்னையே விற்றுக்கொண்ட சகோதரனிடமும் நடந்துகொள்ள வேண்டிய முறையைப் பற்றியவை. இவற்றை விளக்கிய பழைய யூத ரபிமார்கள், இவை இருதயத்திற்கு ஒப்படைக்கப்பட்ட காரியங்கள் என்றார்கள். செய்தவனுடைய மனதுக்கு மட்டுமே உண்மை தெரியும். ஆகவேதான் அந்த இடத்தில் நியாயாதிபதியைப் பற்றிப் பேசாமல் தேவனைப் பற்றிப் பேசுகிறது வேதம்.

எனவே முதல் பயிற்சி இது. ஒரு சாயங்காலம் தனியாக உட்கார்ந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில், உங்களை எதிர்த்துக் கேட்க முடியாத மனிதர்களின் பெயர்களை எழுதுங்கள். வீட்டு வேலைக்கு வருகிறவர், கடையில் சம்பளத்துக்கு நிற்கும் பையன், கண் மங்கிப்போன தகப்பனார், உங்கள் கையொப்பத்துக்காக மேசையின் முன் நிற்கிறவர், வேறு மாநிலத்திலிருந்து வந்து மொழி தெரியாமல் உங்கள் கட்டடத்தில் கல் சுமக்கிறவர், உங்கள் சொந்தப் பிள்ளைகள். பெயர்களை எழுதுவது முக்கியம். "ஏழைகள்" என்று பொதுவாக எழுதினால் ஒன்றும் நடக்காது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இவரிடம் நான் செய்கிற எந்தக் காரியம் இவருக்குத் தெரியாது என்ற ஒரே கேள்விக்கு விடை எழுதுங்கள். தகப்பனாரின் ஓய்வூதியத்தை அவருடைய ஏடிஎம் அட்டையில் எடுத்து வருகிற மகன், எடுத்தது எவ்வளவு, கையில் கொடுத்தது எவ்வளவு என்று எழுதிப் பார்த்தால் போதும். பாவ அறிக்கை ஜெபத்தைப் பொதுவான வார்த்தைகளில் சொல்லிவிட்டுப் போகிற வழக்கம் அந்தப் பக்கத்தில் நின்றுவிடும்.

சகோதரரால் விற்கப்பட்டு, எகிப்தில் போத்திபார் என்ற அதிகாரியின் வீட்டில் அடிமையாக இருந்த யோசேப்பு இப்படிப்பட்ட இடத்தில்தான் இருந்தார். வீட்டில் ஆட்கள் இல்லை; எஜமான் தன் உடைமைகளைக் கணக்குப் பார்ப்பதில்லை; ஊரும் உறவும் தூரம். அங்கே எஜமானின் மனைவி தன்னோடு பாவத்துக்கு அழைத்தபோது அவர், நான் இத்தனை பெரிய பொல்லாங்குக்கு உடன்பட்டு, தேவனுக்கு விரோதமாய்ப் பாவம் செய்வது எப்படி என்று கேட்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அதிகாரம் அவர் கைக்கு வந்து, பழைய துரோகத்தைச் செய்த சகோதரர் அவர் காலடியில் விழுந்தபோதும், "நான் தேவனுக்குப் பயப்படுகிறவன்" என்றே சொன்னார். முதலில் அடிமையாக, பிறகு அதிபதியாக. இரண்டு இடத்திலும் அவரைத் தடுத்து நிறுத்தக்கூடிய மனிதர் பக்கத்தில் இல்லை.

அளவிலும் கூலியிலும் பழகுதல்

பயபக்தியை வளர்க்க நான் கண்ட மிகச் சுருக்கமான வழி பணத்தின் வழியாகச் செல்கிறது. எங்கள் ஆச்சி அறுப்புக் காலத்தில் களத்தில் நின்று கூலி நெல் அளப்பதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். முதல் மரக்காலை "லாபம்" என்று சொல்லித் தொடங்கி, பிறகு இரண்டு, மூன்று என்று எண்ணுவார். மரக்காலை எப்போதும் வெளிப்பக்கமாகவே பிடிப்பார். கட்டை விரலை உள்ளே விட்டுப் பிடித்தால் ஒவ்வோர் அளவிலும் ஒரு பிடி நெல் குறையும் என்பதும், அப்படி அளக்கிறவர்கள் உண்டு என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தலையைத் தட்டாமல், கும்பாரமாக, விளிம்பில் சரிகிற வரையில் விட்டு அளப்பார். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முந்தானையை விரித்துப் பிடித்துக் கீழே பார்த்துக்கொண்டிருப்பார்கள். விரலை யாரும் பார்ப்பதில்லை. "அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படி நன்றாய் அளந்து" என்ற லூக்கா 6:38ஐ இன்று பிரசங்கத்தில் காணிக்கைக்கு வரும் பிரதிபலனாக விளக்கக் கேட்கும்போதெல்லாம், எனக்கு அந்த மரக்காலும் வெளியே நின்ற அந்தக் கட்டை விரலும் நினைவுக்கு வரும்.

இன்று மரக்கால் இல்லை. விரலை உள்ளே விடுகிற வழிகள் மாறியிருக்கின்றன. கூலிக்காரனுடைய கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்பது லேவியராகமம் 19:13; அதாவது குருடனைப் பற்றிய வசனத்துக்கு முந்தின வசனம். ஆகவே தச்சருக்கும் குழாய் வேலைக்காரருக்கும் வேலை முடிந்த அன்றே பணம் கொடுங்கள். "சில்லறை இல்லை, அப்புறம் வாங்கிக்கொள்" என்று சொல்வதை நிறுத்துங்கள். அந்த அப்புறம் அவருடைய இரவுச் சாப்பாடாக இருக்கலாம். வேலைக்கு வருகிறவர் நோயினால் வராத நாளுக்குச் சம்பளம் பிடிப்பீர்களானால், உங்கள் அலுவலகம் உங்களுக்கு அப்படிப் பிடிக்கிறதா என்று ஒரு முறை யோசியுங்கள். பெரிய கடையில் அச்சடித்த விலையை வாய் திறவாமல் கொடுத்துவிட்டு, வாசலில் கூடையை இறக்கிய கீரைக்காரம்மாவிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோமே, அதை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உபாகமம் 25:13, பையில் பெரிதும் சிறிதுமான நிறைகற்களை வைத்திருக்க வேண்டாம் என்கிறது. வாங்கும்போது ஒன்று, கொடுக்கும்போது ஒன்று என்று இரண்டு கற்களைத் தூக்கிக்கொண்டு நடப்பது வியாபாரிகளுக்கு மட்டும் உரிய பாவமல்ல.

நெகேமியா இதற்கு நல்ல துணை. எருசலேமில் பன்னிரண்டு ஆண்டுகள் அதிபதியாக இருந்தும், அதிபதிக்கு உரிய படியை அவர் வாங்கவில்லை. தமக்கு முன்னிருந்தவர்கள் ஜனங்களைப் பாரப்படுத்தினதைச் சொல்லி, "நானோ தேவனுக்குப் பயந்ததினால் இப்படிச் செய்யவில்லை" என்று எழுதுகிறார். வாங்கியிருந்தால் சட்டப்படி தவறென்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சபைக் கணக்கைக் கையாளும் பொருளாளர்களும் பள்ளி நிர்வாகக் குழுவில் இருப்பவர்களும் நெகேமியா 5ஆம் அதிகாரத்தை, பதவியேற்கும் நாளில் ஒரு முறையாவது, உட்கார்ந்து வாசிப்பது நல்லது.

வேதமும் ஜெபமும்

உபாகமம் 17ஆம் அதிகாரம், இஸ்ரவேலின் ராஜா சிங்காசனத்தில் உட்காரும்போது நியாயப்பிரமாணத்தைத் தனக்காக ஒரு பிரதி எழுதி, தன் ஜீவனுள்ள நாளெல்லாம் வாசித்து, அதனால் கர்த்தருக்குப் பயப்படக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறது. கற்றுக்கொள்ள வேண்டும் என்பதைக் கவனியுங்கள். இது தானாக மனதில் ஊறுகிற உணர்வு அல்ல. நம் சபைகளில் வேதாகமம் முழுவதையும் கையால் எழுதி முடித்தவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு இயலாதவர்கள் லேவியராகமம் 19, சங்கீதம் 34, நீதிமொழிகள் 8, மல்கியா 1, 3 ஆகிய அதிகாரங்களை மட்டும் மெதுவாக எழுதலாம். கண்ணால் வாசிக்கும்போது தாண்டிப்போகிற வார்த்தையைக் கையால் எழுதும்போது தாண்ட முடியாது. "தீமையை வெறுப்பதே கர்த்தருக்குப் பயப்படும் பயம்" என்று எழுதிவிட்டு, அதே வசனத்தில் பெருமையும் அகந்தையும் புரட்டுவாயும் அடுக்கப்படுவதையும் எழுதும்போது, தீமை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த பட்டியல் வேறு என்பது தெரியவரும்.

ஜெபத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஜெபத்தைத் தொடங்குமுன் இரண்டு நிமிடம் பேசாமல் இருங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் "ஆண்டவரே, ஆண்டவரே" என்று இடைநிரப்பாகச் சொல்லும் பழக்கத்தைக் குறையுங்கள். ஆலய வாசலில் செருப்பைக் கழற்றுவதும், முழங்காற்படியிடுவதும் நல்ல வழக்கங்கள். எரிகிற முட்செடியின் முன் மோசேக்குக் கிடைத்த கட்டளையை நம் கால்களுக்கு நினைவூட்டுகின்றன. ஆனால் ஏசாயா 29:13இல் கர்த்தர் சொல்லும் குறை இதுதான்: உதடுகள் கனம்பண்ணுகின்றன, பயமோ மனுஷராலே போதிக்கப்பட்ட கற்பனையாயிருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு, அதைப் பார்த்துக்கொள்ள உட்கார்ந்திருக்கும் முதியவரை "ஏய்" என்று கூப்பிடுகிற இடத்தில் அந்த வசனம் நிறைவேறிவிடுகிறது.

நாலு பேருக்குப் பயப்படுவதை விடுதல்

தேவனுக்குப் பயப்படுகிறவர்கள் வேறு எதற்கெல்லாம் பயப்படாமலிருந்தார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது. யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகள் வருகிறார்கள். எபிரெய ஆண் குழந்தைகளைக் கொல்லும்படி எகிப்தின் ராஜா நேரில் கட்டளையிட்டும், தேவனுக்குப் பயந்ததினால் அவர்கள் அப்படிச் செய்யவில்லை. அந்தப் பார்வோனின் பெயரை அதிகாரம் சொல்லவில்லை. இந்த இரண்டு பெண்களின் பெயர்களைச் சொல்கிறது.

நமக்குப் பார்வோன் இல்லை. "நாலு பேர் என்ன சொல்வார்கள்" இருக்கிறது. வரதட்சணை தவறு என்று அறிந்த கிறிஸ்தவப் பெற்றோர், "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் விரும்பியதைச் செய்யுங்கள்" என்று சொல்வது இந்த நாலு பேருக்காகத்தான். சாதி விஷயத்திலும் அப்படியே. 1833இல் கல்கத்தாவின் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உறுதியாகவும் உடனடியாகவும் முடிவாகவும் கைவிடப்பட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சாதியை விடுவதைவிடச் சபையை விடுவதையே தெரிந்துகொண்டார்கள். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும், சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் நிற்கிறது. நீதிமொழிகள் 29:25, மனுஷனுக்குப் பயப்படும் பயம் கண்ணியை வருவிக்கும் என்கிறது.

இதற்குப் பயிற்சி எளிது, செய்வது கடினம். ஏதாவது ஒரு முடிவெடுக்கும்போது, உங்கள் மனதுக்குள் யார் முகம் முதலில் வருகிறது என்று கவனியுங்கள். மாமனாரா, சபை மூப்பரா, தெருவா, வாட்ஸ்அப் குழுவா என்று பெயரிட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். அந்த முகத்தை மதிப்பதில் தவறில்லை. அதற்கு முன்பாக ஒரு முகம் இருக்க வேண்டும் என்பதே யாத்திராகமம் 20:20 சொன்னது. கல்யாணப் பேச்சிலோ சபைத் தேர்தலிலோ ஒரே ஒரு முறை அந்த வரிசையை மாற்றிப் பாருங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தல்

"பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்" என்று ஊரில் சொல்வதைக் கேட்டு வளர்ந்த நாம், பெயரை மட்டும் மாற்றி, "இயேசப்பா அடிப்பார்" என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். ஓய்வுநாள் பாடசாலையில் நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். ஒரு சிறுமி எழுந்து, "நேற்றுப் பொய் சொன்னேன், அடிக்கவில்லையே" என்றாள். அவள் கேட்டது சரி. அடி வராத அன்றைக்கு உடைந்துபோகிற பயத்தைப் பிள்ளைக்குக் கொடுத்து என்ன பயன்? "பிள்ளைகளே, வந்து எனக்குச் செவிகொடுங்கள், கர்த்தருக்குப் பயப்படுதலை உங்களுக்குப் போதிப்பேன்" என்று அழைக்கும் 34ஆம் சங்கீதம், அடுத்து மிரட்டலைச் சொல்வதில்லை, நாவைப் பொல்லாப்புக்கு விலக்கிக் காத்துக்கொள், சமாதானத்தைத் தேடு என்கிறது. பெற்றோர் செய்யக்கூடிய சிறந்த பாடம், பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது, கடைக்காரர் தவறுதலாக அதிகம் கொடுத்த மீதிச் சில்லறையைத் திரும்பப் போய்க் கொடுப்பது. அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பிரசங்கம் செய்யாமலிருப்பது. பிள்ளையிடமே தவறிழைத்துவிட்டால், பிள்ளையிடமே மன்னிப்புக் கேளுங்கள். பெற்றோருக்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்பதைப் பிள்ளை அப்போதுதான் கண்ணால் பார்க்கிறது.

தவறிய பிறகு

முன்பு எழுதிய நோட்டுப் புத்தகத்தை மாதம் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமாகிய லெந்து நாட்கள் அதற்குப் பொருத்தமான காலம். எழுதியவற்றில் பலவற்றை நாம் திருத்தியிருக்க மாட்டோம். அப்போது 130ஆம் சங்கீதத்துக்குப் போங்கள். "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு" என்று அது சொல்கிறது. தண்டனை உண்டு, ஆகவே பயப்படுகிறோம் என்றுதான் நாம் எதிர்பார்த்திருப்போம். சங்கீதக்காரன் மன்னிப்பைக் காரணமாக வைக்கிறான். பட்ட கடனைத் தள்ளிவிட்டவர் முன்னிலையில் தலைகுனிந்து நிற்கும்போது உண்டாகிற நடுக்கம், கடன்காரனைக் கண்டு ஒளிகிறவனுடைய நடுக்கம் அல்ல.

ஆனால் ஜெபத்தோடு நின்றுவிட வேண்டாம். எண்ணாகமம் 5ஆம் அதிகாரம் இதற்குத் தெளிவான முறையைக் கொடுத்திருக்கிறது: பாவத்தை அறிக்கையிட்டு, முதலைத் திரும்பக் கொடுத்து, அதனோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி, யாருக்கு அநியாயம் செய்தோமோ அவருக்கே கொடுக்க வேண்டும். நூறு ரூபாய் குறைத்திருந்தால் நூற்றிருபது. அவர் இறந்துபோயிருந்தால் அவருடைய உறவினருக்கு. உறவினரும் இல்லையென்றால் கர்த்தருக்கு, அதாவது அன்றைய முறைப்படி ஆசாரியனுக்கு. கொடுக்கும்போது விளக்கத்தை நீட்ட வேண்டாம். "இத்தனை மாதம் உங்கள் கணக்கில் இதைக் குறைத்துக் கொடுத்திருக்கிறேன், இது உங்களுடையது" என்பது போதும். நோட்டில் அந்தப் பெயரை அடிப்பது, அவர் அதை எண்ணி வாங்கிக்கொண்ட பிறகு இருக்கட்டும்.